சின்ன கார் பாகங்களுக்கு மலிவான கையடக்க சேண்ட் பிளாஸ்டர்: கன்னைப் பார்க்கும் முன் கம்ப்ரெசரைப் பாருங்கள்

பிரேக் கேலிப்பர், பேட்டரி பிராக்கெட், கதவுக் கீல், துரு ஏறிய போல்ட். இந்த மாதிரிச் சின்னச் சாமான்களைச் சுத்தம் செய்வதில் சிக்கலே மூலைமுடுக்குகள்தான். தட்டையான இடத்தைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். வார்ப்பு இரும்பின் சொரசொரப்புக்குள் உட்கார்ந்துவிட்ட துரு, இரண்டு தகடு சேரும் மூலையில் நிற்கும் பழைய பெயின்ட், போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் கறை, இவற்றையெல்லாம் பிரஷ் எட்டாது. அழுத்தக் காற்றில் கடினமான பொடியை வீசிச் சுரண்டும் சேண்ட் பிளாஸ்டர் எட்டும். அரை மணி நேரம் பிரஷ்ஷோடு மல்லுக்கட்ட வேண்டிய ஒரு பிராக்கெட்டைச் சில நிமிடங்களில் வெறும் இரும்பாக ஆக்கிவிடலாம்.

இதற்கென்று கையில் பிடித்து அடிக்கும் மலிவான கன்கள் நிறைய வருகின்றன. வாங்கிவிட்டு, ‘ஒரு நிமிடம் அடித்தால் வேகம் செத்துவிடுகிறது’, ‘பொடி வரவே மாட்டேன் என்கிறது’ என்று மூலையில் போட்டுவிடுகிறவர்களும் நிறைய. அந்த ஏமாற்றத்தில் பெரும்பங்கு கன்னின் குறையால் வருவதில்லை. கன்னை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குக் காற்று எங்கிருந்து வரும் என்று அப்புறம் யோசிப்பதால் வருகிறது. முதலில் காற்று, அடுத்து பொடி, கடைசியில்தான் கன். இந்த வரிசையில் யோசித்தால் விலை குறைந்த கன்னிலேயே நல்ல வேலை வாங்க முடியும்.

கன்னுக்குள் என்ன நடக்கிறது

கடினமான துகளை வேகமாக வீசினால் அது பட்ட இடத்தைச் சுரண்டும். இந்த முறைக்கு பெஞ்சமின் சியூ டில்மன் என்ற அமெரிக்கர் 1870-இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதேதான்.

கையடக்க கன்னைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு துளைகள் இருக்கும். பின்னால் இருப்பது சின்னது, அது ஏர் ஜெட். முன்னால் இருப்பது அதைவிடப் பெரியது, அதுதான் நாசில். அழுத்தக் காற்று ஏர் ஜெட்டின் குறுகலான துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்போது அதைச் சுற்றி அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் பொடி உள்ளே வந்து காற்றோடு கலந்து, நாசில் வழியாகப் பாய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எவ்வளவு காற்று செலவாகும் என்பதை முடிவு செய்வது பின்னால் இருக்கும் ஏர் ஜெட்தான். மலிவு கன்களின் பெட்டியில் நாசில் அளவைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஏர் ஜெட்டின் அளவு பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக ‘காற்றுத் தேவை இத்தனை சிஎஃப்எம்’ என்று இருக்கும். அந்த எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும். அது எங்குமே இல்லாத கன்னை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

காற்றுக் கணக்கு

சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு. ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர். ஏர் ஜெட்டின் விட்டம் 2 மில்லிமீட்டர், அழுத்தம் 6 பார் என்றால் 8 அல்லது 9 சிஎஃப்எம் போகும். விட்டம் 3 மில்லிமீட்டர் ஆனால் 18-லிருந்து 20 வரை போய்விடும். ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூடியது, செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதுதான் காரணம்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 1 குதிரைத்திறன் கொண்ட சாதாரண கம்ப்ரெசர் 6 பார் அழுத்தத்தில் 3 அல்லது 4 சிஎஃப்எம் கொடுத்தால் பெரிது. டயருக்குக் காற்றடிக்கவும் ஆணி அடிக்கும் கன்னுக்கும் அது தாராளம். டயர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்கும், சேண்ட் பிளாஸ்டரோ ட்ரிகரை அழுத்தியிருக்கும் நேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

‘டேங்க் பெரிதாக இருக்கிறதே’ என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போடுவோம். டேங்க் 50 லிட்டர், 8 பார் வரை நிரம்பியிருக்கிறது. அழுத்தம் 5 பாருக்குக் கீழே போனால் வேலை மந்தமாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நமக்குச் சேமிப்பில் இருப்பது 3 பார், அதாவது 150 லிட்டர் காற்று. கன் நிமிடத்துக்கு 250 லிட்டர் கேட்கிறது, கம்ப்ரெசர் 100 லிட்டர்தான் கொடுக்கிறது. குறைகிற 150 லிட்டரை டேங்க் ஈடுகட்டும், சரியாக ஒரு நிமிடத்துக்கு. அதன் பிறகு டேங்க் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

இது உதவாது என்று சொல்ல வரவில்லை. இரண்டு போல்ட், ஒரு சின்ன பிராக்கெட் என்றால் ஒரு நிமிடம் அடித்து, இரண்டு நிமிடம் பொறுத்து, மறுபடி அடித்து முடித்துவிடலாம். நான்கு கேலிப்பர் என்றால் பொறுமையும் போகும், கம்ப்ரெசரும் சூடேறிவிடும். சின்ன கம்ப்ரெசர்கள் இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓட்டத்துக்கு நடுவே ஓய்வு கொடுக்கச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும்.

கம்ப்ரெசரின் அட்டையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சிலர் பிஸ்டன் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது வெளியே எவ்வளவு வருகிறது என்பது. அந்த எண், இழுக்கும் எண்ணைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும். 6 பார் அல்லது 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்று குறிப்பிட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கன் கேட்பதைவிட கம்ப்ரெசர் கொடுப்பது கொஞ்சம் அதிகமாக இருந்தால் நிம்மதி.

கம்ப்ரெசரை மாற்ற முடியாது என்றால் கன்னை அதற்கேற்பச் சின்னதாகத் தேடுங்கள். சின்ன ஜெட் உள்ள கன் ஒரு நேரத்தில் ஒரு காசு அகலத்தைத்தான் சுத்தம் செய்யும். ஆனால் அதன் வேகம் கடைசிவரை குறையாமல் நிற்கும். சின்னப் பாகங்களுக்கு அது போதும்.

ஹோஸையும் மறக்க வேண்டாம். உள்விட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள நீளமான ஹோஸில் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். 10 மில்லிமீட்டர் ஹோஸ், முடிந்தவரை குட்டையாக இருப்பது நல்லது. அழுத்தத்தை ரெகுலேட்டரில் வைக்கும்போது ட்ரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கும்போது 6 காட்டும் முள், காற்று ஓட ஆரம்பித்ததும் 4-க்கு இறங்கும். வேலை செய்வது அந்த 4-தான்.

ஈரம்

பொடி வரவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும். காற்றை அழுத்தும்போது சூடாகிறது, பிறகு டேங்கிலும் ஹோஸிலும் ஆறும்போது அதிலுள்ள ஈரப்பதம் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர் பொடியில் பட்டால் கட்டி கட்டியாகி வழியை அடைத்துவிடும். கன்னைக் குலுக்கி, தட்டி, ஊதிப் பார்த்து நேரம் போவதெல்லாம் இதனால்தான்.

வேலை ஆரம்பிக்கும் முன் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வாட்டர் செபரேட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதை கம்ப்ரெசரின் வாயிலேயே மாட்டினால் பலன் குறைவு, ஏனென்றால் அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய்விடும். ஹோஸில் கொஞ்ச தூரம் ஓடி ஆறிய பிறகு, கன்னுக்குப் பக்கமாக மாட்டினால்தான் தண்ணீர் பிடிபடும். பொடியையும் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பையைத் திறந்தபடி விட்டால் காற்றிலிருந்தே ஈரம் இழுத்துக்கொள்ளும்.

எந்தப் பொடி

கட்டட வேலைக்கு வாங்கிய மணல், ஆற்று மணல், கடற்கரை மணல் எதையும் கன்னில் போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மணலில் இருக்கும் சிலிக்கா, வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. அது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, சிலிகோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும். தழும்பேறிய நுரையீரலைத் திரும்பப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளின் மூலமே இந்த வேலைக்கு மணலைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1974-இல் இதே பரிந்துரையைச் செய்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மணலை எடுப்பதில் மிச்சமாவது ஒன்றுமில்லை.

துருவுக்கும் பெயின்ட்டுக்கும் முதல் தேர்வு அலுமினியம் ஆக்சைடு. 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 9. கூர்மையான துகள், வேகமாக வெட்டும், சலித்துச் சலித்துப் பல முறை பயன்படுத்தலாம். சின்ன கன்னுக்கு 80 முதல் 120 வரை உள்ள கிரிட் சரியாக இருக்கும். எண் கூடக்கூடத் துகள் பொடிசாகும். பெரிய துகள் வேகமாக வெட்டும் என்று நினைத்துக் கரடுமுரடானதை வாங்கினால் சின்ன ஏர் ஜெட்டின் இழுப்பு அதைத் தூக்காது, நாசிலும் அடைத்துக்கொள்ளும். துகளின் அளவு நாசில் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும்.

கண்ணாடி மணிகள் வேறு ரகம். உருண்டையாக இருப்பதால் வெட்டாது, தட்டிக்கொடுக்கும். அலுமினிய வால்வ் கவரில் அடித்தால் மங்கலான பளபளப்போடு அழகாக வரும். கனமான துருவுக்கு இதை எடுத்தால் நேரம்தான் போகும். 3 அல்லது 4 பாருக்கு மேல் போனால் மணிகள் சீக்கிரம் உடைந்து தூளாகிவிடும்.

கார்புரேட்டர் மாதிரி நுண்ணிய துவாரங்கள் உள்ள பாகத்துக்கு சமையல் சோடாவின் வகையான சோடியம் பைகார்பனேட். அது மிக மென்மையானது, துருவை எடுக்காது, ஆனால் அழுக்கையும் கரியையும் பெயின்ட்டையும் எடுக்கும். உள்ளே மாட்டிக்கொண்டாலும் தண்ணீரில் கரைந்து வெளியே வந்துவிடும் என்பதுதான் அதன் பெரிய நன்மை. பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், மிச்சமிருக்கும் சோடா மேல் பெயின்ட் பிடிக்காது. வால்நட் ஓட்டுத் தூளும் மென்மையானதுதான், பிஸ்டன் தலையின் கரிக்கு ஏற்றது.

முதன்முதலாக ஆரம்பிப்பவர் அலுமினியம் ஆக்சைடு ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். மற்றவற்றைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி கன்

மலிவு விலையில் மூன்று வகைகள் கிடைக்கும். கப் மேலே இருப்பது ஒன்று. பொடி தன் எடையிலேயே இறங்கும் என்பதால் இழுப்பு குறைவாக இருந்தாலும் ஓடும், சின்ன கம்ப்ரெசருக்கு இதுதான் பொருத்தம். கப் அரை லிட்டர், ஒரு லிட்டர்தான் பிடிக்கும், அடிக்கடி நிரப்ப வேண்டும், தலைகீழாகப் பிடிக்க முடியாது. மேஜை மேல் வைத்த சின்னப் பாகத்துக்கு இந்தக் குறைகள் தொந்தரவாகத் தெரியாது.

இரண்டாவது, ஒரு குழாயை வாளியில் விட்டுப் பொடியை உறிஞ்சும் வகை. நிரப்பும் வேலை இல்லை. கன்னும் இலேசாக இருக்கும். ஆனால் பொடியை மேலே தூக்க நல்ல இழுப்பு வேண்டும், அதாவது அதிகக் காற்று வேண்டும். மூடிய பெட்டிக்குள் வைத்து அடிப்பவர்களுக்கு இது வசதி, விழுந்த பொடி அடியில் சேர்ந்து அப்படியே திரும்ப ஏறும்.

மூன்றாவது, நாசிலைச் சுற்றி ரப்பர் முகப்பும் பின்னால் ஒரு துணிப்பையும் உள்ளது. அடித்த பொடி பைக்கே திரும்பிவிடும், தூசி குறைவு. தட்டையான தகட்டில் ஒரு புள்ளித் துருவை எடுக்க அருமையானது. வளைவும் நெளிவும் உள்ள கேலிப்பரில் ரப்பர் ஒட்டி உட்காராது, நாலாபக்கமும் தெறிக்கும். நம் வேலைக்கு இதை நான் எடுக்க மாட்டேன்.

பொடித் தொட்டியையே அழுத்தத்தில் வைக்கும் பெரிய வகையும் உண்டு. வேகம் அதிகம், அதற்கான கம்ப்ரெசரும் பெரிது. கைப்பிடி அளவு பாகங்களுக்கு அது தேவையில்லை.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் நாசிலில் இருந்து ஆரம்பியுங்கள். அதைக் கழற்றி மாற்ற முடிகிறதா, மாற்று நாசில் தனியாகக் கிடைக்கிறதா? இதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் கன்னைத் திரும்ப வைத்துவிடலாம். தேய்வது அதன் விதி. நாம் வீசுகிற துகள் இரும்பைச் சுரண்டுகிற மாதிரியே நாசிலையும் உள்ளிருந்து சுரண்டிக்கொண்டுதான் இருக்கும். வெறும் எஃகு நாசில் சீக்கிரம் போய்விடும். செராமிக் பரவாயில்லை, ஆனால் கீழே விழுந்தால் உடையும். டங்ஸ்டன் கார்பைடு அதைவிட நீண்ட நாள் வரும், போரான் கார்பைடு எல்லாவற்றையும் மிஞ்சும். மலிவு கன்னோடு பெரும்பாலும் செராமிக்தான் வரும், கூடவே இரண்டு மூன்று மாற்று நாசில் கொடுத்தால் அது நல்ல பேரம்.

தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? புது நாசிலுக்குள் இறுக்கமாக நுழையும் டிரில் பிட் ஒன்றை எடுத்து, அதன் வழுவழுப்பான பின்பக்கத்தை உள்ளே விட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து அதே பிட் ஆட ஆரம்பித்தால், இல்லை துளை நீள்வட்டமாகத் தெரிந்தால், மாற்றும் நேரம் வந்துவிட்டது. துளை பெரிதானதும் இழுப்பு குறையும், பாய்ச்சல் அகலமாகிப் பலம் இழக்கும். பலர் இதை கம்ப்ரெசர் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, பொடி எவ்வளவு விழ வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறதா என்று பாருங்கள். இது இல்லாத கன்னில் பொடி தேவைக்கு மேல் கொட்டும், காற்று அதைத் தூக்க முடியாமல் திணறும். கப்பின் மூடி இறுக மூட வேண்டும், இல்லாவிட்டால் நாசில் அடைக்கும்போது காற்று பின்னோக்கிப் பாய்ந்து பொடியை முகத்தில் கொட்டும். உடல் பிளாஸ்டிக்கா உலோகமா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேய்கிற பாகங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன.

முகத்துக்கும் மூச்சுக்கும்

சிலிக்கா இல்லாத பொடி என்றாலும் தூசி தூசிதான். கிளம்புவது பொடி மட்டுமல்ல, பழைய பெயின்ட்டும் துருவும் சேர்ந்து கிளம்புகின்றன. பழைய வண்டிகளின் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அதனால் பிரேக் பாகங்களின் தூசியை ஊதவே கூடாது, ஈரமாகக் கழுவி எடுத்த பிறகுதான் மேஜைக்கே வர வேண்டும்.

கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பே இல்லை. முகத்தோடு ஒட்டி உட்காரும் ரப்பர் மாஸ்க்கும், பி100 அல்லது பி3 தரத்து வடிகட்டியும் வேண்டும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, அதன் மேல் முகக்கவசம், கைக்குத் தடித்த கையுறை, காதுக்கு அடைப்பான். இவற்றின் விலையையும் சேர்த்துத்தான் ‘மலிவு’ என்று கணக்குப் போட வேண்டும்.

மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு ஓட்டை போட்டு, நீளக் கையுறைகளைப் பொருத்தி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினால் வீட்டிலேயே ஒரு பெட்டி தயார். உள்ளே வரும் காற்று வெளியேற வடிகட்டி வைத்த ஒரு வழி விடுங்கள். பொடி வீணாகாது, தூசியும் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். மாஸ்க் அப்போதும் வேண்டும்.

எதில் அடிக்கக் கூடாது

ஸ்பார்க் பிளக்கில் அடிக்காதீர்கள். வெள்ளைப் பீங்கானுக்கும் வெளி உறைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் துகள் மாட்டிக்கொள்ளும், பிறகு இன்ஜினுக்குள் விழுந்து சிலிண்டர் சுவரைக் கீறும். பேரிங், ஆயில் சீல் உட்காரும் தளம், பிஸ்டன் வளையப் பள்ளம், இவை பக்கமே போகக் கூடாது. துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டில் அடித்தால் துருவோடு பூச்சும் போய்விடும், திரும்பப் பூச்சு ஏற்றாமல் மாட்டினால் முன்பைவிட வேகமாகத் துரு பிடிக்கும். மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் நின்று அடித்தால் நெளிந்துவிடும்.

கேலிப்பர் என்றால் பிஸ்டன் துளையையும் மரைகளையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள். துகள் ரப்பரில் பட்டுத் திரும்பிவிடும், காகித டேப் சில நொடிகளில் கிழிந்துவிடும்.

அடிக்கும் முன் கிரீஸை முழுக்க எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு பொடியில் கலந்தால் அந்தப் பொடி மறுபடி ஓடாது, அழுக்கையும் அடுத்த பாகத்தில் அப்பும். அடிக்கும்போது நாசிலை 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் சாய்வாகப் பிடித்து, நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே போங்கள். முதலில் 4 பாரில் மறைவான ஒரு இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு ஏற்றலாம்.

அடித்து முடித்த இரும்பு சாம்பல் நிறத்தில், கையில் பட்டால் பிடிக்கும் சொரசொரப்போடு இருக்கும். பெயின்ட் பிடிப்பதற்கு அதைவிட நல்ல தளம் கிடையாது, துரு பிடிப்பதற்கும் அப்படித்தான். வெறும் கையால் தொட்டால் விரல் ரேகை இருந்த இடத்தில் மறுநாள் பழுப்புக் கறை தெரியும். கையுறையோடு எடுத்து, மரைகளிலும் துளைகளிலும் காற்றடித்துத் துகளை வெளியேற்றி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாள் என்றால் சில மணி நேரம்கூடத் தாங்காது. அந்த மாதிரி நாளில் ஐந்தாறு பாகத்தையும் அடித்து வரிசையாக வைத்துவிட்டு பிரைமருக்குப் போகாமல், இரண்டிரண்டாக அடித்து, பிரைமரும் முடித்து, அடுத்ததை எடுப்பது நல்லது.